மான் தின்னாத பூ

எங்கள் ஊர் மான்களைப் பற்றி வெளியூர்க்காரர் உருகிப் பேசுவார்கள். ஒரு செடி நட்டுப் பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். திருகோணமலைக் கோட்டைப் பக்கமிருந்து கூட்டமாக இறங்கி, பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோலும் பத்திரிகைத் தாளும் தின்று, பிறகு படலை திறந்து கிடக்கிற வீடாகப் பார்த்து உள்ளே வருவார்கள் இந்த விருந்தாளிகள். சித்தி நட்ட ரோசாவை மொட்டோடு தின்றன. செவ்வந்தியில் ஒரு குச்சிகூட மிஞ்சவில்லை. ஒருநாள் சித்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இனி மான் தின்னேலாத பூத்தான் நடப்போறன்" என்றார்.

சித்தி அம்மாவின் தங்கை; எங்களோடுதான் இருந்தார். கனடாவிலிருந்து ஒருவர் லீவில் வந்து, அவரைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். பேசி முடித்தது அம்மாவும் அப்பாவும். விசா வரும்வரை சித்தி காத்திருக்க வேண்டும். காத்திருப்பு என்றால் சும்மா இருப்பதா? மடித்த உடுப்பை உதறி மறுபடி மடிப்பார். கூட்டிய முற்றத்தைத் திரும்பக் கூட்டுவார். போதாததற்குக் கச்சான் காற்று பகல் முழுதும் கதவு யன்னலை அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் ஒருவருக்கு ஒருவர் முகம் பிடிக்காத காலம் அது.

மான் தின்னாத பூ என்றால் பீங்கான் பூ. வேப்பமரத்தடியில் மூன்று பேர் நெருக்கி உட்காரக்கூடிய சீமெந்து வாங்கு ஒன்று கிடந்தது. அதன் இருக்கையிலும் சாய்மானத்திலும் முழுக்க உடைந்த பீங்கானால் பூ ஒட்டுவது சித்தியின் திட்டம். உடைந்த பாத்திரம் வீட்டில் இருந்தால் தரித்திரம் என்பது அம்மாவின் கட்சி. அம்மா வேலிக்கு வெளியே எறிவதைச் சித்தி பொறுக்கிக்கொண்டு உள்ளே வருவார். நிலாவெளி ஹோட்டல் குசினியில் வேலை செய்த பக்கத்து வீட்டுக்காரர் விளிம்பு போன கோப்பைகளைக் கொண்டுவந்து தந்தார். துறைமுகக் கரையில் அலை ஒதுக்கிய நீலப்பூப் போட்ட பீங்கான் ஓடுகளைப் பொறுக்குவது என் உத்தியோகம். போத்தல் அடி, சைக்கிளின் சிவப்புக் கண்ணாடி, சட்டையில் கழன்ற தெறிகள் எல்லாம் என் பள்ளிக்கூடச் சட்டைப் பையில் வந்து சேர்ந்தன.

காற்றுக்குச் சாந்து சீக்கிரம் இறுகிவிடும். அதனால் ஒரு சிரட்டை அளவு குழைத்து, ஒரு பூவுக்கு மட்டும் பூசி, துண்டுகளை அழுத்தி, நனைத்த சாக்கால் மூடுவோம். மறுநாள் சாக்கை நீக்க நான்தான் முதலில் ஓடுவேன். அவ்வளவு சந்தோசம்.

விசா வந்தது. அப்பா தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். அன்றைக்குக் கனடாக்காரர் போனில் முகம் காட்டிப் பேசியபோது, சித்தி போனைத் திருப்பி வாங்கைக் காட்டினார். "குப்பையை ஒட்டிக்கொண்டு நிக்காம சாமானைக் கட்டும்" என்றார் அவர். சித்தி "ஓம்" என்றார். அவரோடு பேசும்போது சித்தியிடம் இருந்த சொல் அது ஒன்றுதான்.

பிறகு அப்பாவிடம் வந்து, "இந்த வாங்கை முடிச்சிட்டுப் போறன் அத்தான்" என்றார்.

"அதுக்கென்ன, ஒரு கிழமை வேலைதானே," என்றார் அப்பா. டிக்கெட் போடுவதைத் தள்ளிவைத்தார்.

ஒரு கிழமையில் முடிந்திருக்கும். ஆனால் ஒட்டிய பூக்கள் காணாமல் போகத் தொடங்கின. காலையில் ஒரு இதழ் இருக்காது, மாலையில் பாதிப் பூ இருக்காது. "மான் ஏறி மிதிச்சிட்டுது" என்றார் சித்தி. எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. தாள் தின்கிற மான் பீங்கானை விட்டுவைக்குமா என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அப்பா படலைக்குக் கம்பி கட்டினார். கம்பி கட்டிய பிறகும் பூக்கள் குறைந்தன. "உம்மட தங்கச்சி இந்தப் பிறப்பில முடிக்கமாட்டா போல," என்று அம்மாமேல் பாய்ந்தார். அம்மா சித்திமேல் பாய்ந்தார். "எத்தினை பெட்டையள் இப்பிடி ஒரு விசாவுக்கு ஏங்குதுகள் தெரியுமோ?"

ஒரு மத்தியானம் நானும் அம்மாவும் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். படலையடியில் அம்மா சட்டென்று நின்றார். வாங்குக்கு முன்னால் சித்தி முழங்காலில் இருந்தார். முதல்நாள் நாங்கள் சேர்ந்து ஒட்டிய நீலப்பூவைத் ஒரு கரண்டியின் காம்பால் ஒவ்வொரு துண்டாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்ததை மடியில் போட்டார். அழவில்லை, அவசரப்படவுமில்லை.

நான் கத்த வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தினார். வந்த வழியே என்னை இழுத்துக்கொண்டு கடற்கரை வரைக்கும் போனார். காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. வாங்கின மீன் என் கைப்பையில் வெயிலுக்குப் பழுதாகிக்கொண்டிருந்தது. வேறொரு நாளென்றால் அதற்கு எனக்கு அடி விழுந்திருக்கும்.

அன்று பின்னேரம் அப்பா வாங்கைப் பார்த்துவிட்டு, "இது என்ன திரும்பவும்?" என்றார்.

"மான்தான்," என்றார் அம்மா. "நான் கண்டனான்."

ஒரு சின்னப் பொய்க்கு என் தொடையைக் கிள்ளிச் சிவக்கவைக்கிற அம்மா, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னார்.

மறுநாள் அப்பா கந்தோர் வேலைக்குப் போனதும் அம்மா குசினியிலிருந்து பூசணித் தோலும் வாழைப்பழத் தோலும் அள்ளிக்கொண்டு வந்தார். படலைக் கம்பியை அவிழ்த்து விரியத் திறந்தார். தோலைப் படலையிலிருந்து வாங்குவரை போட்டுக்கொண்டே வந்து, மிச்சத்தைச் சித்தி காலையில் பூசியிருந்த ஈரச் சாந்தின்மேல் கொட்டினார்.

"அம்மா! மிதிச்சுப்போடுமெல்லோ!"

"மிதிக்கட்டும்."

"அப்ப வாங்கு முடியாதே?"

"முடியாட்டிப் போகட்டும், பிள்ளை."

மான்கள் வந்தன. ஒன்று முன்னங்கால் இரண்டையும் வாங்கில் வைத்து ஏறியது. விளக்குமாற்றால் அவற்றை ரோட்டுவரை துரத்துகிற அம்மா, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். சித்தி ஓடிவந்து வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தார். பிறகு, எங்கள் வீட்டில் நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது: சித்தி அழுதார். அம்மா போய் அவரை அணைத்துக்கொண்டார்.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. நான் கரையெல்லாம் அலைந்து பொறுக்கியவை காலடியில் நொறுங்க, இந்த இருவரும் ஒரு மானைக்கூடத் துரத்தாமல் நிற்கிறார்களே என்று, கல்லொன்றை எடுத்துக்கொண்டு நான் மட்டும் ஓடினேன்.