குடல் இறங்காமல் சரக்கு இறக்குவது எப்படி

பிக்கப் வண்டியில் சரக்கு ஏற்றக் கடையில் நான்கு பேர் இருப்பார்கள். கொஞ்சம் பெரிய கடையென்றால் ஃபோர்க்லிஃப்ட் இருக்கும். இறக்கும் இடத்தில் ஓட்டுநர் மட்டும்தான். சரக்கை வாங்கியவர் வாசலில் நின்றுகொண்டு, "பாத்துங்க, செடி மேல வெச்சிடாதீங்க" என்பார். கொத்தனார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். இருபத்தேழு வருடங்களாக ஜாக்கி பார்த்துவரும் காட்சி இது.

ஜாக்கி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. இளவயதில் ஒருமுறை நடுவழியில் டயர் வெடித்தபோது கையில் ஜாக்கி இல்லை. காலி வண்டியின் பின்மூலையை இவர் முதுகு கொடுத்துத் தூக்கிப் பிடிக்க, கூட வந்தவர் அடியில் செங்கல் அடுக்கினார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். மனைவியின் கைபேசியில்கூட அவர் எண் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

இப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கட்டுமானப் பொருள் கடை ஒன்றுக்குச் சொந்த வண்டியில் சிமென்ட், மணல், ஜல்லி, டைல்ஸ் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் வலப்பக்க அடிவயிற்றில் எலுமிச்சை அளவுக்கு ஒரு புடைப்பு வந்தது. தைத்தார்கள். போன வருடம் இடப்பக்கம். குளியல் தொட்டி ஒன்றை இறக்கும்போது, சட்டைப் பொத்தான் அறுந்ததுபோல உள்ளே ஏதோ விட்டுப்போனதாம். தொட்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

மருத்துவமனைச் சீட்டில் 'குடலிறக்கம்' என்று எழுதியிருந்தது. அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சரக்க இறக்கப் போயி கடைசில குடல இறக்கிட்டேன்" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் சொன்னார். அவருக்கும் அதே நோய். இருவரும் சிரித்தார்கள். தையல் இழுத்ததும் இருவரும் ஒன்றாக நிறுத்தினார்கள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஐயா, ரெண்டு பக்கமும் வலை வெச்சுத் தெச்சாச்சு. இனிமே பத்து கிலோவுக்கு மேல தூக்கக் கூடாது."

"பத்தா? என் ஸ்பேனர் பையே பதினாலு கிலோ இருக்கும் டாக்டர்."

"அப்ப அதையும் தூக்காதீங்க."

மூன்று மாதம் வீட்டில் படுத்திருந்துவிட்டுக் கடைக்குப் போனார். முதலாளி நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, அது ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"வண்டி ஓட்டத் தெரிஞ்சவன் தெருவுக்கு நாலு பேர் இருக்கான் ஜாக்கி. எனக்கு இறக்கத் தெரிஞ்சவன் வேணும். சின்ன டிப்பர் வெச்சிருக்கறவன் ஒருத்தன் தெனமும் வந்து நிக்கறான். மாசக் கடைசி வரைக்கும் பாரு. முடியலன்னா அவன்கிட்ட சொல்லிடுவேன். மனசுல வெச்சுக்காத."

ஜாக்கிக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்த தொழிலையோ வயிறு தடுத்தது. கூலிக்கு ஓர் ஆளை வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். பிறகு கைபேசியை எடுக்கவே இல்லை.

நான்காம் நாள் காலை வண்டியைக் கிளப்பும்போது முன்சீட்டில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார்.

"நீ எங்க கெளம்பிட்ட?"

"உங்ககூடத்தான்."

"வந்து என்ன பண்ணப் போற? மூட்டை தூக்கப் போறியா?"

"நீங்க தூக்குறீங்களான்னு பாக்கப் போறேன்."

அந்த அம்மாள் பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றின் பேக்கிங் பிரிவில் பதினோரு வருடம் வேலை செய்தவர். தொழிற்சாலை வேறு ஊருக்கு மாறிப்போனதிலிருந்து வீட்டில் இருந்தார். இனிமேல் எதையும் தூக்க மாட்டேன் என்று கணவர் கொடுத்திருந்த வாக்கை அவர் துளியும் நம்பவில்லை. நம்பாதது சரிதான். முதல் கட்டடத்திலேயே, கொத்தனார் கை கொடுக்காததால், ஜாக்கி ஓசைப்படாமல் ஒரு சிமென்ட் மூட்டையின் இரண்டு காதையும் பிடித்தார். முன்னாலிருந்து ஹாரன் அலறியது. தெருவே திரும்பிப் பார்த்தது. ஜாக்கி மூட்டையை விட்டார். அடுத்த இடத்தில் குனிந்தார், மறுபடியும் ஹாரன். இரண்டே நாளில் கடையில் அந்த அம்மாளுக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர் விழுந்துவிட்டது.

"நான் செருப்பு மாட்டக் குனிஞ்சாலும் அடிக்கறா மொதலாளி" என்று ஜாக்கி முறையிட்டார்.

"செருப்பு பத்து கிலோ இருக்காதே" என்றார் முதலாளி.

தூக்காமல் எப்படி இறக்குவது? சறுக்கிவிடலாம் என்று தோன்றியது. நான்கடிப் பலகை ஒன்றை வண்டியின் வாலில் சாய்த்து முதல் மூட்டையைத் தள்ளினார். பலகை குட்டை, சரிவு செங்குத்து. மூட்டை பறந்துபோய்க் கொத்தனாரின் காலடியில் விழுந்து வெடித்தது. புகை அடங்கியதும் கொத்தனார் புருவம் வரை சாம்பல் நிறத்தில் நின்றார்.

"அண்ணே, செவுத்தப் பூசத்தானே சிமென்ட் கேட்டேன். என்னையே பூசிட்டீங்களே!"

மறுநாள் பத்தடி நீளச் சாரப் பலகை இரண்டு வந்தன. நீளம் கூடியதும் மூட்டை அடக்கமாக, தன் வேகத்தில் இறங்கியது. கீழே ஒரு தள்ளுவண்டியைச் சாய்த்து நிறுத்தினால் மூட்டை நேராக அதில் போய் உட்கார்ந்தது. டைல்ஸ் பெட்டியைச் சறுக்கிவிட முடியாது, ஓரம் உடையும். அதற்கு வழி சொன்னது செக்போஸ்ட்தான்.

"எங்க பேக்கிங்ல பொட்டிய யாரும் தூக்கமாட்டாங்க. உருளை மேல வெச்சுத் தள்ளுவோம். அது பாட்டுக்குப் போகும். நீங்கல்லாம் எதுக்குத்தான் மல்லுக்கட்டறீங்களோ."

பழைய இரும்புக் கடையிலிருந்து ஆறு குழாய்த் துண்டுகள் வந்தன. பெட்டிகளை வண்டியின் தரையில் அடுக்காமல், இரண்டு கட்டை போட்டு அதன்மேல் அடுக்கும்படி ஏற்றுபவர்களிடம் ஜாக்கி சண்டை போட்டார். இடைவெளி இருந்தால்தானே குழாயை நுழைக்க முடியும்? "இவரு இறக்கறதுக்கு நாங்க ஏத்தற விதத்த மாத்தணுமா?" என்று அவர்கள் முனகினார்கள். மாற்றினார்கள்.

மணலும் ஜல்லியும்தான் வழிக்கு வரவில்லை. உதிரிச் சரக்கு, மண்வெட்டியால்தான் தள்ளியாக வேண்டும். ஒரு மண்வெட்டி மணல் பத்து கிலோவுக்குள்தான் இருக்கும், அதனால் ஹாரன் அடிக்கவில்லை. ஆனால் இருநூறு முறை இடுப்பைத் திருப்பி வீசியபின் இடப்பக்கம் சுருக்கென்று இழுத்தது. ஜாக்கி அதை வீட்டில் சொல்லவில்லை. படுக்கும்போது வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டு படுத்தார். மனைவி அதைக் கவனித்துவிட்டார். மாசக் கடைசிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த வாரம் ஒரு வங்கி அதிகாரியின் வீட்டுக்கு அரை வண்டி மணல். நல்ல காற்று. மணலுக்கு அடியில் விரித்திருந்த கனமான படுதாவின் முன்பக்கத்தை மடித்து மணலை மூடியிருந்தார். வாசலில் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் மடிப்பு அவிழ்ந்து படபடவென்று முகத்தில் அடித்தது. எரிச்சலில் படுதாவின் இரண்டு முனைக் கயிறுகளையும் பின்னால் இருந்த விளக்குக் கம்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். உடனே அதிகாரி வெளியே வந்தார்.

"இங்க கொட்டாதீங்க! நான் கார எடுக்கணும். கொஞ்சம் முன்னாடி போங்க."

ஜாக்கி ஏறி உட்கார்ந்தார், கியரைப் போட்டார், வண்டியை நகர்த்தினார். கயிறு நினைவில் இல்லை. வண்டி முதலில் முக்கியது. கைப்பிரேக் போட்டிருக்கிறதோ என்று பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் அழுத்தினார். பின்னால் தொம்மென்று ஒரு சத்தம், பிறகு வண்டி லேசாகி ஓடியது.

இறங்கிப் போய்ப் பார்த்தார். அரை வண்டி மணலும் கேட்டின் நட்ட நடுவில் கோபுரமாகக் குவிந்திருந்தது. படுதா கம்பத்தில் தொங்கியது. கார் உள்ளே மாட்டிக்கொண்டது.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க! மீட்டிங் இருக்குய்யா எனக்கு!"

ஜாக்கியின் காதில் எதுவும் விழவில்லை. அவர் வண்டியின் காலித் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஒரு மண்வெட்டிகூட வீசவில்லை. சரக்கு நின்ற இடத்திலேயே நிற்க, அடியிலிருந்து வண்டிதான் நழுவிப் போயிருந்தது.

"ஏம்மா, பாத்தியா?"

"பாத்தேன்" என்றார் மனைவி. சிரிப்பை அடக்கியதில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மொதல்ல சார்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

மன்னிப்புக் கேட்டு, அந்த வீட்டுக் கொத்தனாரையும் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துக்கொண்டு, கார் போக வழி ஒதுக்கினார்கள். அன்று மத்தியானமே வேறொரு வீட்டு ஜல்லியில் அதை மறுபடி செய்து பார்த்தார். அதன் சூட்சுமம் மடிப்பில் இருந்தது. படுதாவின் முன் ஓரத்தைச் சரக்கின் மேலாக மடித்துப் பின்னால் கொண்டுவந்து கட்டினால், சரக்கு மொத்தமாக முரண்டு பிடிக்காமல் போர்வைக்குள் புரள்வதுபோல உருண்டு உருண்டு விழுகிறது. கம்பம் உறுதியாக இருக்க வேண்டும், வண்டி ஊர வேண்டும், பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒரு வண்டிச் சரக்கை இரண்டே தவணையில் இறக்கினார். மொத்தம் ஆறு நிமிடம். முன்பெல்லாம் முக்கால் மணி நேரம் ஆகும்.

மாசக் கடைசிக்கு முந்தின நாள் முதலாளி தானே பார்க்க வந்தார். வேண்டுமென்றே கஷ்டமானதைத் தேர்ந்தெடுத்திருந்தார்: ஒரு பேக்கரியின் மாவு பிசையும் மேடைக்கு ஒற்றைக் கல்பலகை. ஆறடி நீளம், இருநூறு கிலோ. பலகையில் சறுக்கவிட்டால் விரிசல் விடும். படுதாவில் இழுத்தால் இரண்டாகிவிடும்.

"இத டிப்பர்காரனும் நாலு ஆள் வெச்சுத்தான் இறக்குவான்" என்றார் முதலாளி. "முடியலன்னா சொல்லிடு, கூப்பிட்டுக்கலாம்."

ஜாக்கி கல்லைப் பார்க்கவில்லை. பேக்கரியின் பின்வாசலுக்குப் போய், தரையின் உயரத்தைத் தன் தொடையில் கை வைத்து அளந்தார். வந்து வண்டித் தளத்தை அளந்தார். தரையைவிடத் தளம் ஒரு சாண் கூடுதல் உயரம்.

"இது இறங்கிட்டா போதும்" என்றார்.

"எது?"

"வண்டி."

பின்வாசலை ஒட்டிச் சாலை ஓரத்தில் மழைநீர் போக ஒரு வாய்க்கால் பள்ளம் இருந்தது. பின்சக்கரங்கள் அதில் இறங்கும்படி அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தார். செக்போஸ்ட் வாசலில் நின்று, "வரட்டும், வரட்டும், நில்லுங்க!" என்று கை காட்டினார். தளம் தாழ்ந்தது. இன்னும் இரண்டு விரல் உயரம் பாக்கி. ஜாக்கி கைப்பிரேக்கை இழுத்து, முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, பின்டயர்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்து காற்றைப் பிடுங்கிவிட்டார். உஸ்ஸென்ற சத்தத்தில் பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வெளியே ஓடிவந்தார்.

"பஞ்சரா?"

"இல்லங்க, வண்டி உக்காருது."

வண்டித் தளமும் பேக்கரித் தரையும் ஒரே மட்டமாயின. இடைவெளியில் ஓர் இரும்புத் தகடு. கல்லுக்கு அடியில் கட்டை போட்டுத்தான் ஏற்றியிருந்தார்கள். கடப்பாரையால் லேசாக நெம்பி, கட்டையை எடுத்துவிட்டுக் குழாய்களை நுழைத்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளை வைத்துத் தள்ளினார். கல் அசைந்தது. பின்னால் விடுபட்ட குழாயை மனைவி எடுத்து முன்னால் வைக்க வைக்க, கல் வாசலைத் தாண்டியது. பாதி வழியில் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இருங்க, நானும் ஒரு கை" என்று ஓரத்தைத் தூக்கப் போனார்.

"மொதலாளி, கைய எடுங்க!" செக்போஸ்ட் போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். "எங்க வீட்ல ஒருத்தருக்குத் தெச்சதே போதும்."

கல் மாவுத் தரையில் கோடு போட்டுக்கொண்டே உள்ளே போய், சமையலறையில் மேடைச் சுவரின் பக்கத்தில் நின்றது. மேலே ஏற்றிவைப்பது கல் பதிப்பவரின் வேலை. பேக்கரிக்காரர் குனிந்து நான்கு மூலைகளையும் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை. ஜாக்கி சட்டைக்குள் கைவிட்டுத் தன் அடிவயிற்றின் இரு பக்கத்தையும் தடவிப் பார்த்தார். வலி இல்லை. வேண்டுமென்றே ஒருமுறை இருமினார். அப்போதும் இல்லை.

முதலாளி தரையில் உருண்டு கிடந்த குழாய் ஒன்றைக் காலால் தள்ளிப் பார்த்தார். அது சுவர்வரை ஓடியது.

"நாளைக்குக் காலைல ரெண்டு நடை இருக்கு" என்றார். "ஒண்ணு இதே மாதிரி கல்லு."

"டிப்பர்காரர்?"

"அவனுக்கு என்ன, வேற எடம் கெடைக்கும்." வாசலுக்குப் போனவர் திரும்பினார். "அந்தப் படுதா விஷயத்த ஏத்தறவங்களுக்கும் ஒரு தடவ செஞ்சு காட்டிடு. எப்படி மடிக்கணும்னு அவங்களுக்குத் தெரியல."

டயர்களுக்குக் காற்றடிக்க அரை மணி நேரம் ஆனது. பேக்கரிக்காரரும் ஜாக்கியும் மாறி மாறிப் பம்பை மிதித்தார்கள். வண்டி பள்ளத்திலிருந்து ஏறிச் சாலைக்கு வந்தது. இரண்டு தெரு தாண்டுவதற்குள் மனைவியின் தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்துவிட்டது. இந்த ஒரு மாதத்தில் வண்டிக்குள் அவர் கண்ணை மூடியதே இல்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கையில் மாவு ஒட்டியிருந்தது.

வேகத்தடை வந்தது. ஜாக்கி கிளட்சை மிதித்து, ஊர்ந்தே தாண்டினார். அப்படியும் அவர் விழித்துக்கொண்டார்.

"வீடு வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல. நீ தூங்கு."

அவர் தூங்கினார்.