ஒரே வார்டில் இரண்டு கட்டில்

நீடாமங்கலம் பக்கம் நான் தாசில்தாராகப் பொறுப்பேற்ற வாரமே ஒரு கிராமத்தில் அடிதடி. இளைஞர்களில் பாதிப்பேர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட காலம் அது. அறுப்புக்கு ஆள் போதவில்லை என்று கோவிந்தராஜ் என்ற விவசாயி ஆத்தூரிலிருந்து அறுவடை மெஷினை வரவழைத்தார். இருக்கிற வேலையும் போய்விடும் என்று தொழிலாளர்கள் அதை மறித்தார்கள். கைகலப்பில் தொழிலாளர் சங்கத் தலைவி அஞ்சலையின் மகனுக்கு மண்டை உடைந்தது. மெஷின் டிரைவருக்குக் கை முறிந்தது.

சம்பா முற்றி நின்றது. ஒரு மழை பெய்தால் அத்தனையும் சாய்ந்துவிடும். இரு தரப்பையும் அலுவலகத்துக்கு அழைத்தேன். முதலில் இருவரும் வருத்தம் தெரிவித்து எழுதித் தர வேண்டும், பிறகுதான் பேச்சு என்றேன்.

அஞ்சலை எழுந்துவிட்டார். "எழுதிக் குடுத்தா என் புள்ளதான் தப்பு பண்ணான்னு ஆயிடும்மா. அவரு ஆஸ்பத்திரிக்கு வந்து அவனப் பாக்கட்டும். பெறவு பேசுறேன்."

அவர் போன பிறகு கோவிந்தராஜ் கேட்டார்: "நான் போனா, நான்தான் அடிச்சேன்னு ஆயிடாதா மேடம்?"

"உங்க டிரைவரும் அதே வார்டுலதானே இருக்கார்? அவரைப் பாக்க வாங்க. நானும் வரேன்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

நாங்கள் போனபோது அஞ்சலை அந்த டிரைவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். "யாரும் இல்லாத ஊர்ல கெடக்குறான். ஒத்தக் கையால எப்புடிச் சாப்புடுவான்?" என்றார், யாரும் கேட்காமலேயே.

கோவிந்தராஜ் ஆரஞ்சுப் பழப் பையுடன் இரண்டு கட்டிலுக்கும் நடுவே நின்றார். பிறகு பாதிப் பழங்களை அஞ்சலையின் மகனருகே வைத்துவிட்டு, அவன் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்தார். "வலிக்குதாப்பா?"

"தும்முனாத்தான் உசிரு போவுது."

முதலில் சிரித்தது அஞ்சலைதான்.

பேச்சு அங்கேயே தொடங்கியது. "மொதல்ல எங்களக் கூப்புடுங்க. ஆள் பத்தாத வயலுக்கு மெஷினை எறக்கிக்குங்க" என்றார் அஞ்சலை.

"முதநாளே சொல்லி அனுப்புறேன். ஆனா வரேன்னுட்டு வராம இருக்கக் கூடாது."

"வருவோம்."

போலீஸ் கேஸ் தனியாக நடந்தது. அதை இதில் கலக்கவில்லை.

மாலையில் என் மேலதிகாரி ஆர்.டி.ஓ. போன் செய்தார். "ரெண்டு பேர்கிட்டயும் எழுதி வாங்கிட்டீங்களாம்மா?"

"இல்ல சார். நாளைக்கு அறுப்பு ஆரம்பிக்கிறாங்க."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சமாதானத்துக்கு எந்த நிபந்தனை அவசியம், எது நம் வசதிக்காக நாமே வைத்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சண்டை போட்டவர்கள் அவர்கள் இருவரும்தான். ஆனால் அன்று முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தவள் நான்.