மண்ணில் குத்தி எழும்பும் பந்து

சாம்ராஜுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது எதனால் வந்தது என்று கேட்கத்தான் ஒருவருக்கும் நேரம் இருந்ததில்லை. பந்தல்குடி லாரி ஷெட்டில் மூட்டை இறக்குகிற வேலை அவனுக்கு. லோடு வந்தால் அடுப்பு எரியும், வராவிட்டால் அவனும் மனைவி ஈவாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஞாயிறு பூசை முடிந்தால் மாதா கோயில் டீமுக்குக் கால்பந்து ஆடுவான்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் ஷெட்டுக்கு எதிர் டீக்கடையில் கேபிள் டிவி வந்தது. ஒருநாள் அதில் அமெரிக்காக்காரர்களின் ஆட்டம் ஓடியது. தலையில் சட்டி, தோளில் அட்டை, கையில் முட்டை மாதிரி ஒரு பந்து. "எருமை மாடு முட்டுற மாதிரில்ல முட்டுறானுக" என்று கடையே சிரித்தது. சாம்ராஜ் சிரிக்கவில்லை. பந்தை உதைக்க வந்தவன் நம் ஊர் ஆட்டக்காரனைப் போலப் பக்கவாட்டில் ஓடி வந்தான். எட்டி உதைப்பான் என்று எதிராளிகள் பின்னால் நிற்க, அவன் பந்தின் உச்சியில் ஒரு தட்டுத் தட்டினான். அது மண்ணில் குத்தி உருண்டு, திடீரென்று ஆள் உயரத்துக்கு எழும்பியது. உதைத்தவனின் ஆட்களே பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள்.

"ஏலே, இதை நம்ம பந்துல அடிக்கலாம்லே" என்றான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று மாதம் வற்றிய கண்மாயில் தனியாக உதைத்துப் பழகினான். கரம்பை மண் காய்ந்து கருங்கல்லாகக் கிடந்தது. கோல் போஸ்டை மறைத்து நிற்கும் ஆட்களுக்கு முன்னால் பந்தைக் குத்தினால், அவர்கள் தலைக்கு மேல் எழும்பி உள்ளே இறங்கும். கட்டைவிரல் நகம் இரண்டு முறை பெயர்ந்தது.

மே மாதம் பக்கத்து நூல் மில் டோர்னமெண்ட் நடத்தியது. ஆட்டத்தைப் பார்த்து மில் டீமுக்கு ஓர் ஆளை எடுப்பார்கள், நிரந்தர வேலையும் கொடுப்பார்கள். இருபத்தெட்டு வயது வரைதான். சாம்ராஜுக்கு இருபத்தெட்டு. அரையிறுதியில் ஃப்ரீ கிக் கிடைத்தது. பந்தைக் குத்தினான், எழும்பியது, கோல்! மில் சூப்பர்வைசர் ஓடி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பைனலுக்கு முதலாளி மச்சினர் வாராக. ஆளை எடுக்கிறது அவுகதான். அவுக கண்ணு முன்னால இதே அடிய அடிச்சிரு. வேலை உனக்குத்தான்."

பைனல் அன்று சாம்ராஜின் தெருவில் குடிதண்ணீர் வந்து பதினோரு நாளாகியிருந்தது. விடியற்காலையிலிருந்து ஈவா குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருந்தாள். டிராக்டர் டேங்கர் வந்தது. தெருமுனையில் திரும்பாமல் நேராகப் போனது. பெண்கள் குடத்தோடு கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். சாம்ராஜும் ஓடினான். அது போய் நின்ற இடம் மைதானம். டோர்னமெண்ட் கமிட்டிச் செயலாளர் தங்கசாமி ஹோஸைப் பிடித்துத் தரை முழுவதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, குடிக்கிற தண்ணிய மண்ணுல ஊத்துறீகளே, நல்லாருப்பீகளா?" என்றான் சாம்ராஜ்.

"ஏலே, அவுக வெள்ளை வேட்டி சட்டையில வாராக. புழுதி பட்டா நம்மூருக்கு மரியாதையாலே?"

"தரை நனைஞ்சா பந்து எழும்பாதுண்ணே!"

"ஒரு ஆளு உதைக்கிறதுக்காக வாரவுகளப் புழுதியில உக்கார வைக்கச் சொல்றியா?"

வரவேற்பு என்றால் தண்ணீர் தெளிக்க வேண்டும், அது அவருக்குப் பழக்கம். யாருடைய தண்ணீர் என்பது அவர் கணக்கில் இல்லை. சாம்ராஜுக்கு ஹோஸைப் பிடுங்கி அவர் வாயிலேயே வைக்கத் தோன்றியது. வேலையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம். கோயில் டீம் ஒரு கோல் பின்தங்கியிருந்தது. கோலுக்கு எதிரே ஃப்ரீ கிக். சாதாரணமாகவே அடித்திருக்கலாம். ஆனால் சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டைக்காரரின் காதில் குனிந்து இவனைக் கை காட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்க்க வந்தது அந்த ஓர் அடியைத்தான். சாம்ராஜ் பக்கவாட்டில் ஓடி வந்து உச்சியில் குத்தினான். பந்து சேற்றில் 'சொத்'தென்று அமுங்கி, உருண்டு, மறித்து நின்றவர்களின் காலடியில் போய்ப் படுத்தது. மைதானமே சிரித்தது. கோயில் டீம் தோற்றது.

பரிசு கொடுக்கும்போது மச்சினர் அவனை மேடைக்குக் கூப்பிட்டார். சட்டையில் ஒரு பொட்டுப் புழுதி இல்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நீதானாப்பா அது? பந்து குதிக்கும்னு சொன்னாங்க, படுத்துக்கிச்சே! இன்னொரு நாளைக்குக் குதிக்க வச்சுக் காட்டுறியா?"

மறுபடியும் சிரிப்பு. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும், வேலைக்கு இன்னும் வழியிருக்கும் என்று சாம்ராஜுக்குத் தெரியும். கூட்டத்தின் ஓரத்தில் ஈவா காலிக் குடத்தோடு நின்றிருந்தாள். அவன் குனிந்து மைக்குக்கு நேராகப் பேசினான்.

"இன்னொரு நா எதுக்குங்கய்யா? இப்பவே எங்க தெருவுக்கு வாங்க. அங்க தண்ணி வந்து பதினோரு நாளாச்சு. பந்து நல்லாக் குதிக்கும்."

தங்கசாமி பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். சிரித்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். வேலை வேறொருவனுக்குப் போனது.