அண்டார்க்டிகாவில் பிடுங்கிய பல்

அண்டார்க்டிகாவில் ஓர் ஆய்வு நிலையத்தில் நான் ஒரு குளிர்காலம் முழுக்க வைத்தியராக இருந்தேன். வேலை கிடைத்த செய்தியை வெம்பிளியில் பல் வைத்தியராக இருக்கும் என் அண்ணைக்குச் சொன்னபோது, "உனக்கு லண்டன் குளிர் காணாதோ?" என்று கேட்டார். அதன்பிறகு என்னுடன் பேசவில்லை.

கடைசிக் கப்பல் போய்விட்டால் கோடை வரும்வரை யாரும் வரவும் முடியாது, போகவும் முடியாது. அங்கே தங்கியவர்கள் எல்லோரும் திடகாத்திரமானவர்கள். வைத்தியருக்கு வேலை குறைவு. அதனால் மற்றவர்களின் வேலையில்தான் என் நாள் கழிந்தது. காலையில் பனியை வெட்டி, உருக்கும் தொட்டிக்குள் கொட்டுவோம். குடிக்க, குளிக்க, சமைக்க அதுதான் தண்ணீர். பிறகு வானிலை பலூனைப் பறக்கவிட உதவுவேன், சமையற்காரருக்கு வெங்காயம் உரிப்பேன். சூரியன் உதிக்காத வாரங்களில் சாப்பாட்டு மணி அடித்தால்தான் மதியம் என்று தெரியும்.

அப்படியொரு மதியம் ஜெனரேட்டர் மெக்கானிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்தார். ஸ்கொட்லாந்துக்காரர், அதிகம் பேசாதவர். கீழ்க் கடைவாய்ப்பல் பிளந்து சீழ் கட்டியிருந்தது. சில நாட்கள் மாத்திரை கொடுத்துப் பார்த்தேன், அடங்கவில்லை. பல் பிடுங்க எனக்குக் கொஞ்சம் பழக்கித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் தனியாக ஒருவரின் வாயில் குறடு வைத்ததில்லை. எங்களுக்கு வீடியோவில் ஆலோசனை சொல்லும் பல் வைத்தியர் அன்று கிடைக்கவில்லை. என் அண்ணையைக் கேட்கட்டுமா என்றேன். மெக்கானிக் சரியென்று தலையாட்டினார்.

அண்ணை தன் கிளினிக்கிலிருந்து வீடியோவில் வந்தார். சுகம்கூடக் கேட்காமல் எக்ஸ்ரேயைக் காட்டச் சொன்னார். சமையற்காரர் டோர்ச் பிடித்தார். நான் ஊசி போட்டு விறைக்க வைத்தேன். குறடு பல்லைக் கவ்வியதும் என் கை தானாக இழுக்கப் போனது.

"இழுக்காதை பிள்ளை," என்றார் அண்ணை. "கீழ அமத்திப் பிடிச்சுக்கொண்டு ஆட்டு. அவசரம் ஒண்டும் இல்லை."

"அசையுதில்லை, அண்ணை."

"அசையும். ஆட்டு."

எவ்வளவு நேரம் ஆட்டினேனோ தெரியாது. வெளியே எல்லாம் உறைந்து கிடக்க, எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. எங்கள் பேச்சு விளங்காத மெக்கானிக் கூரையையே பார்த்தபடி கிடந்தார். பல் மெல்ல இளகி முழுதாக வந்தது. அண்ணை அதைக் கமராவுக்குக் கிட்டப் பிடிக்கச் சொல்லி ஆற அமரப் பார்த்தார்.

"வேர் மிச்சமில்லாமல் வந்திட்டுது," என்றார். பிறகு குரல் மாறி, "அங்க ஒழுங்காச் சாப்பிடுறியோ?" என்று கேட்டார்.

"ஓம், அண்ணை," என்றேன், பல்லை இன்னும் கமராவுக்கு முன்னால் பிடித்தபடி.

ஒரு வாரத்துக்குள் மெக்கானிக் சமையற்காரர் சுட்ட பாணைக் கடிக்கத் தொடங்கிவிட்டார். அண்ணை அதன்பிறகு ஞாயிறுதோறும் அழைத்தார். காற்று எப்படி, பென்குயின் வந்ததா, யார் என்ன சமைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் திரும்பி வந்தபோது ஹீத்ரோ விமான நிலையத்தில் அவர்தான் நின்றார். பெட்டியை வாங்கிக்கொண்டு, காரைத் தரிப்பிடத்தில் எந்த மாடியில் விட்டேன் என்பது மறந்துபோச்சு என்றார். இரண்டு பேரும் தேடிக்கொண்டு நடந்தோம்.