அந்த வார்த்தையைச் சொன்ன வாய்

டாக்டர் கிரிதரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நான் ஒருபக்கமாக எழுதிவிட்டேன் என்று குறைபட வேண்டாம். மேலூரில் அவருக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே எழுதப்பட்ட ஒரே ஒரு வார்த்தையால் ஒரு விமானி எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த விமானியின் மனைவி ஹெப்சிபாவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அவளும் நானும் மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர்கள். நான் தமிழ், அவள் வேதியியல். பதினொரு வருடமாக ஸ்டாஃப் ரூமில் அடுத்தடுத்த நாற்காலி. பொல்லாத கோபக்காரி. ஆய்வகத்துக்கு உடைந்த குடுவைகளை அனுப்பிவிட்டு இல்லவே இல்லை என்று சாதித்த ஒரு கடைக்காரர், அடுத்த வருடம் மகளுக்கு அட்மிஷன் கேட்டு வந்தார். ஹெப்சிபா அத்தனை உடைசலையும் அட்டைப்பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தாள். ஹெட்மிஸ்ட்ரஸ் மேஜையில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கி, அவரைப் பார்க்கச் சொன்னாள். இப்படிப்பட்டவள் என்பதாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும்.

கணவர் ஸ்டீபன் சென்னையிலிருந்து சின்ன விமானங்கள் ஓட்டிக்கொண்டிருந்தார். மதுரைக்குப் பக்கத்தில் சமயநல்லூரில் வீடு. போன மே மாதம் மேலூரில் ஹெப்சிபாவின் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம். சர்ச்சில் ஆராதனை முடிந்து மண்டபத்தில் வரவேற்பு. விடியற்காலையில் வேலை முடித்து இறங்கிய ஸ்டீபன் நேராக அங்கே வந்துவிட்டார். வெறும் வயிறு, கோட்டு, டை. மேடைக்கு ஏறும் வரிசையில் காற்றே இல்லாத இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றவர் அப்படியே சரிந்தார். நாலு பேர் தூக்கி நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். கை கால் வெட்டியது. யாரோ வலிப்பு என்று கத்த, கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். நம் பக்கத்தில் வலிப்புக்கு அதுதானே முதல் வைத்தியம். சற்று நேரத்தில் கண் திறந்து தண்ணீர் கேட்டவரை விடாமல் காரில் ஏற்றி கிரிதரின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, ஒரு சீட்டு கொடுத்தார்கள். சீட்டில் வலிப்பு என்று எழுதி, கிரிதர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஸ்டீபன் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் விமானி ஆஸ்பத்திரியில் படுத்தால் மேலே சொல்லியாக வேண்டும் என்பது விதி, அவரும் சொன்னார். அடுத்த வாரமே அவருடைய மருத்துவச் சான்றிதழ் நிறுத்தப்பட்டது. அது இல்லாமல் விமானத்தின் முன் சீட்டில் உட்கார முடியாது. வலிப்பு என்ற வார்த்தை காகிதத்தில் இருக்கும்வரை சான்றிதழும் வராது. நாற்பத்திரண்டு வயதில் அவருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.

மனிதர் வீட்டில் உட்கார்ந்து ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வலிப்பு என்று முதலில் சொன்னது யார்? சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக் கேட்டார். எல்லாரும்தான் சொன்னார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். ஒருநாள் நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "அந்த வாய் யாரோடதுன்னு மட்டும் தெரியட்டும், சாகுற வரைக்கும் அந்த மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றார். ஹெப்சிபா அவருக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய ஆத்திரம் முழுவதும் கிரிதர் மேல் இருந்தது. ஜூன் மாதம் என்னையும் இழுத்துக்கொண்டு மேலூருக்குப் போனாள். சீட்டைத் திரும்ப யோசித்துப் பாருங்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டாள். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் காதில் விழும்படி அவர், "நீங்க டீச்சரா, டாக்டரா? போயி பாடத்த நடத்துங்க" என்றார். பெஞ்சில் சிலர் சிரித்தார்கள். பஸ் மதுரை மாட்டுத்தாவணி நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. இறங்கியதும் ஹெப்சிபா சொன்னாள்.

"அக்கா, அந்தாளு கையாலயே தப்புன்னு எழுத வைக்கிறேன். எழுத வச்சு, அவன் வாயாலயே படிக்கவும் வைக்கிறேன்."

அதன்பிறகு டாக்டர் தேடல். ஒருவர், இன்னொரு டாக்டர் எழுதியதில் நான் கை வைக்க மாட்டேன் என்றார். ஒருவர் கேள்வியே கேட்காமல் மூன்று வருடத்துக்கு மாத்திரை எழுதினார். இன்னொருவர் விமானத்தில் போனால் தனக்குக் காது அடைக்கிறதே, ஏன் என்று ஸ்டீபனிடம் ஆலோசனை கேட்டு அனுப்பிவிட்டார். விமானிகளைப் பரிசோதிக்கும் சென்னை டாக்டர் மட்டும் வழி சொன்னார். ஸ்கேனெல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அது போதாது, ஒரு நரம்பியல் டாக்டர் தீர விசாரித்து, முதல் சீட்டு ஏன் தப்பு என்று விளக்கி எழுத வேண்டும் என்றார்.

என் பழைய மாணவி ஒருத்தி சொல்லித்தான் டாக்டர் விஜயத்திடம் போனோம். அரசு வேலையில் ஓய்வு பெற்று, வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்க்கிற அம்மா. ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு, அதுவரை எந்த டாக்டரும் கேட்காததைக் கேட்டார். விழுந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தது யார்? கூட்டமாக இருந்தது மேடம் என்றாள் ஹெப்சிபா. கல்யாண வீடியோ இருக்குமே என்றார் டாக்டர். மயங்கியவரைப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்தால் கை கால் வெட்டத்தான் செய்யும், அது வலிப்பு ஆகாது, ஆனால் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

கல்யாணத்தில் ஒருத்தர் விழுந்தது நல்லதில்லை என்று பெரியப்பா வீட்டில் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் வீடியோவை எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். வெட்டாதது வீடியோக்காரர் தங்கப்பாண்டியிடம் இருந்தது. அதைக் கேட்டு வாங்கு என்று நான் ஏற்கெனவே மூன்று முறை சொல்லியிருந்தேன். மூன்று முறையும் ஹெப்சிபா பேச்சை மாற்றினாள். ஏன் என்று எனக்கு வீடியோவைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

பென்டிரைவை வாங்கிவந்து, டாக்டர் வீட்டில் மூவருமாகப் பார்த்தோம். வரிசையில் ஸ்டீபனின் முகம் வெளுக்கிறது. கால் மடங்குகிறது. நிமிர்த்தி உட்காரவைக்கிறார்கள். கை வெட்டுகிறது. "ஐயையோ, வலிப்பு, வலிப்பு" என்று ஒரு பெண் குரல். அடுத்த நொடி ஒரு கைப்பை திறந்து, ஒரு கொத்துச் சாவி வெளியே வந்து, அவருடைய உள்ளங்கைக்குள் போகிறது. எங்கள் பள்ளி ஆய்வக அலமாரிச் சாவி. எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள் கை. நான் அவளைப் பார்த்தேன், அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இது சாதாரண மயக்கம்தான், சந்தேகமே இல்லை என்றார் விஜயம். முதலில் எழுதிய டாக்டர் யார் சொல்லி எழுதினார், தானே என்ன பார்த்தார் என்று அவரிடமிருந்தே ஒரு கடிதம் வேண்டும் என்றார். வீடியோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. திரை மூலையில் ஓடிய கடிகாரப்படி பன்னிரண்டு ஐம்பதுக்கு மேடையில் ஏறி, மாப்பிள்ளைக்குக் கை கொடுத்து, சிரித்தபடி போட்டோவுக்கு நின்றவர் கிரிதர். பன்னிரண்டு ஐம்பதுக்கு நோயாளியைத் தானே பரிசோதித்ததாகச் சீட்டில் இருந்தது. எத்தனையோ மாதம் கழித்து ஹெப்சிபா வாய்விட்டுச் சிரித்தாள்.

வெளியே வந்ததும், முதலில் சொன்னது நீதான் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும்க்கா. ஆஸ்பத்திரியில நர்ஸ் வெளிய கூப்பிட்டுக் கேட்டப்பவும் நான்தான் சொன்னேன்" என்றாள். பின்னே எதற்கு அந்த ஆளை இந்தப் போடு போட்டாய் என்றேன்.

"அந்தாளு வந்து பாத்திருந்தா, நான் சொன்னது தப்புன்னு அன்னைக்கே சொல்லியிருப்பான்ல?"

இப்போதும் அவள் கட்சிதான் நான்.

அடுத்த சனிக்கிழமை, பெஞ்சு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து மேலூருக்குப் போனோம். கதவைச் சாத்தாமல் ஹெப்சிபா போனை அவர் முன்னால் வைத்தாள். அவர் மேடையில் சிரிப்பதை அவரே பார்த்தார். முகம் செத்துப்போனது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். லெட்டர்பேடை எடுத்து எழுதினார். சத்தமாகப் படிக்கச் சொன்னாள். படித்தார். நோயாளியை நான் பார்க்கவில்லை. நோயாளியின் மனைவி ஹெப்சிபா வலிப்பு என்று சொன்னதாலும், கையில் அவர் கொடுத்த சாவி இருந்ததாலும் நர்ஸ் அப்படி எழுதினார். நான் பிறகு கையெழுத்துப் போட்டேன். அவள் பெயரை மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தார்.

"உண்மையத்தானம்மா எழுதச் சொன்னீங்க?" என்றார்.

பெயரை அடிக்கச் சொல் என்று அவள் காதில் சொன்னேன். அடித்த கடிதத்தை வைத்துக்கொண்டு விஜயம் என்ன செய்வார் என்று கேட்டாள். எழுந்தபோது, இனி புகார் எதுவும் வராதே என்று கிரிதர் இழுத்தார். அப்படி நான் சொல்லவில்லையே என்றாள். புகார் திங்கட்கிழமை மருத்துவக் கவுன்சிலுக்கு ரிஜிஸ்டர் தபாலில் போனது.

அதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் கடிதத்தை ஸ்டீபன் கையில் அவளே கொடுத்திருக்கிறாள். அவர் இரண்டு தடவை படித்தாராம்.

"அந்த டாக்டர இத்தன மாசமா வறுத்து எடுத்தியே, அது எனக்காகவா, உனக்காகவா?"

"எனக்காகத்தான்" என்றாளாம்.

அதோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். ஹெப்சிபா விஜயத்தின் அறிக்கையை வாங்கி வந்தாள், கடிதத்தோடு சேர்த்து ஃபைல் கட்டினாள், அவருடைய பெட்டியில் வைத்தாள். பெங்களூரில் விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைக்கு அவர் தனியாகப் போனார்.

ஜனவரியில் சான்றிதழ் திரும்ப வந்தது. ஸ்டீபன் முதல் போன் போட்டது டாக்டர் விஜயத்துக்கு. அடுத்தது எனக்கு. "டீச்சர், திங்கக்கிழமை டூட்டி. நீங்களே அவகிட்ட சொல்லிருங்க" என்று வைத்துவிட்டார். மனைவி வேலை செய்கிற பள்ளிக்குப் போன் போட்டு, மனைவியைக் கூப்பிடச் சொல்லாத மனுஷன். கிரிதர் மேல் இருந்ததில் பாதிக் கோபம் எனக்கு அவர் மேலும் வந்தது. ஆய்வகத்தில் பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவளை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். இந்த மனுஷனுக்கு இம்புட்டுப் பழி வேண்டாம், நான் போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்றும் சொன்னேன்.

ஹெப்சிபா சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா. தண்டிக்கட்டும். பறந்துக்கிட்டே தண்டிக்கட்டும்."