பெருங்காயம் இல்லாத ரசம்

என் அக்கா தபீதாளோடு ஒரே வீட்டில் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமில்லை. உட்கார் என்றால் எழுந்திருப்பாள், நில் என்றால் கொல்லைக்குப் போய்த் துணி துவைப்பாள். ஓர் இடத்தில் அவள் கால் தரித்து நான் பார்த்ததில்லை. சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. அக்கா, அவள் புருஷன் எட்மண்ட், கல்யாணம் கட்டாத நான், மூன்றே பேர். குரோம்பேட்டை அருகே லாரி மோதியதில் எட்மண்ட் மச்சானுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. காலையில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது அக்காதான். என்னைக் கிட்டவே சேர்க்கமாட்டாள். நான் அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்குகிறேனாம்.

எண்பத்தேழில் ஒரு நாள் அப்படித் தூக்கும்போது அவள் மணிக்கட்டு முறிந்தது. மச்சான் ஒன்றும் கனமில்லை, ஈர்க்குச்சி உடம்பு. கட்டுப் போட்ட டாக்டர் சந்தேகப்பட்டுப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். கோதுமை அவள் குடலைக் கெடுத்துவிட்டதாம், தின்கிற சத்து எலும்புக்குப் போய்ச் சேரவில்லையாம். கோதுமை இனி ஆயுசுக்கும் கூடாது, பாலும் ஒத்துக்கொள்ளவில்லை, அதையும் நிறுத்து என்றார்கள். இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு நடப்பது கஷ்டம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். எங்காவது பேசாமல் இருப்பாளா? வீட்டுக்கு வந்து மச்சானிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள்.

அன்றிலிருந்து அவர் தன்னைத் தூக்க அவளை விடவில்லை. கையை நீட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"என்னைத் தூக்கி நீ ஒடிஞ்சு போவாத" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை.

நான் வேலை முடிந்து ரயிலில் தொங்கிக்கொண்டு வந்து தூக்கி வைக்கும்வரை அவருக்குக் கட்டிலே கதி. முறிந்த மணிக்கட்டைவிட இதுதான் அக்காவுக்கு வலித்தது. எலும்பைத் தேற்ற வேண்டும், அவரைத் தன் கையால் தூக்க வேண்டும், அவளுக்கு வேறு நினைப்பே கிடையாது.

சப்பாத்தியை விட்டாள், தினம் ரவை உப்புமா கிண்டினாள். ரவையும் கோதுமைதான் என்று நான் சொன்னதற்கு, ரவை என்றால் ரவைதான், உனக்கு என்ன தெரியும் என்று சண்டைக்கு வந்தாள். மாவு மில்லில் கேட்டுவிட்டு வந்தபின் உப்புமா போயிற்று, சேமியா போயிற்று, கிறிஸ்துமஸ் கேக்கும் போயிற்று. படப்பைச் சந்தைக்குப் போய்க் கேழ்வரகு வாங்கி வருவது என் தலையில் விழுந்தது. காலையில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. மத்தியானம் முள்ளோடு மென்று தின்னும் நெத்திலிக் குழம்பு, சோற்றில் பிசைய எள்ளுப்பொடி. காபிக்குப் பதில் சுக்கும் கருப்பட்டியும். ஏரிக்கரை வேலியில் பிரண்டை பறித்துத் துவையல் அரைத்தாள். முதல் நாள் அவசரத்தில் சரியாக வதக்காமல் அரைத்துவிட, மூன்று பேரும் அரிப்பு தாங்காமல் நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டாக்டர் கொடுத்த சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் தவறவிடவில்லை.

இவ்வளவு வாயைக் கட்டியும் வயிற்று உப்புசம் அடங்கவில்லை. உப்புசம் என்றால் பெருங்காயம்தானே, யார் வீட்டிலும் அதுதான் வழக்கம். இவள் எதையாவது அளவோடு செய்வாளா? ரசத்தில் கட்டி கட்டியாகப் போட்டாள். அது போதாதென்று வேளாவேளைக்கு வெந்நீரில் கரைத்துக் குடித்தாள். குடிக்கக் குடிக்க வயிறு இன்னும் உப்பியது. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு, ஒளிந்து ஒளிந்து ரொட்டி தின்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டாக்டரை நாலு கேட்டால் என்ன என்றிருந்தது.

அந்தச் சனிக்கிழமையும் சும்மா இருக்கமாட்டாமல், சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்குப் படம் ஒட்ட டப்பாவில் மைதா பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள். பக்கத்து அடுப்பில் பெருங்காயத் தண்ணீர் கொதித்தது. அதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாள் போல, வற்றிக் கெட்டியாகிவிட்டது. கரண்டியால் கிளறியவள் டப்பாவைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒரே மினுமினுப்பு. பேப்பரைக் கிழித்து, அந்தப் பெருங்காயத்தைத் தடவி ஒட்டி, ஆறவைத்து, என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"தனசிங், இழுத்துப் பாருடா. பேப்பர் பிரிஞ்சு வரல."

உடனே தாம்பரம் மார்க்கெட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். வழக்கமாக வாங்கும் கடைக்காரர் சவுரிமுத்துவுக்கு இவள் பதற்றம் விளங்கவே இல்லை.

"மைதா சேக்காம கட்டி எப்டிக்கா ஆவும்? எல்லாம் கூட்டுப் பெருங்காயம்தான். வெறும் பால் பெருங்காயம்னா காரம் தாங்காது, வாய்ல வெக்க முடியாது."

மைதாவும் கோதுமைதானே. மருந்து என்று நினைத்து விஷத்தை அல்லவா கரைத்துக் குடித்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் பெருங்காயத்தை டப்பாவோடு சாக்கடையில் வீசினாள்.

அன்று பூண்டும் மிளகும் கூட நசுக்கிப் போட்டு ரசம் வைத்தாள். எனக்கு அது ருசிக்கவில்லை. பெருங்காயம் தூக்கலாக இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிடும் மச்சான் இரண்டு தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக வயிறு அமர்ந்தது. கன்னம் உப்பியது, தொளதொளத்த வளையல் இறுகியது. எலும்பு தேறி வருகிறது, பார்த்துப் பார்த்து வேலை செய்யலாம் என்று தொண்ணூறில், ரொட்டி தின்கிறாயா என்று கேட்ட அதே டாக்டர் சொன்னார். அக்கா ஓட்டமாய் வந்து சொன்னாள். மச்சான் கேட்டுக்கொண்டார், ஆனால் மறுநாளும் சுவர்ப் பக்கம்தான் திரும்பினார். அவள் ஒருநாளும் கெஞ்சவில்லை. விடிந்ததும் போய்க் கட்டிலோரம் நிற்பாள், அவர் திரும்பாவிட்டால் அடை தட்டப் போய்விடுவாள்.

ஒரு நாள் நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வழக்கம்போல் கட்டிலோரம் நின்றாள். அடுப்பில் அடை கருகும் வாசனை வந்தும் அவள் நகரவில்லை. மச்சான் மெதுவாகத் தலையைத் திருப்பினார். கையை எடுத்து அவள் கழுத்தைச் சுற்றிப் போட்டார்.

"தூக்கு, தபீதா."

குனிந்தாள், அணைத்துப் பிடித்தாள், தூக்கினாள். எங்காவது சடக்கென்று கேட்டுவிடுமோ என்று நான் ஒற்றை ஷூவோடு எழுந்து நின்றேன். நாற்காலி கிறீச்சென்றது, அவ்வளவுதான்.