நாய் வளர்க்கலாம் என்றபோது வந்த சந்தேகம்

புடவைக்கு ஊக்குக் குத்தும்போதுதான் கழுத்தெலும்புக்கு மேலே அந்தக் கட்டி விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலிக்காத கட்டியையும் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சதைப் பரிசோதனை முடிவை டாக்டர் என் கணவரிடம்தான் சொன்னார். கணவர் என்னிடம், "சும்மா நெறி கட்டிருக்கு, மருந்து ஏத்துனாக் கரைஞ்சிரும்" என்றார். லிம்போமா (நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்) என்ற பெயரை, மருந்து ஏற்றும் அறையில் பக்கத்துக் கட்டில் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இதைப் படிக்கும் வீட்டாருக்கு ஒன்று சொல்கிறேன். நோயாளியிடம் மறைக்காதீர்கள். ஒரு முறை மறைத்துவிட்டால், பிறகு காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாலும் உள்நோக்கம் தேடுவோம்.

கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்து ஏற்றுவது) முடிந்தது. முடி முளைத்தது. கே.கே. நகர்ப் பள்ளியில் மறுபடியும் கணக்குப் பாடம் எடுக்கப் போனேன். அடுத்த ஸ்கேன் எடுத்துச் சில நாட்களில் என் கணவர் கேட்டார்: "ஒரு நாய் வளப்போமா?"

தெருநாய் வாலாட்டினாலே சாலையைத் தாண்டி நடக்கிற மனிதர் அவர். நாய் ஆசை எனக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். இப்போது மட்டும் என்ன? ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் இவர்தானே? போகப்போகிறவளின் ஆசையை நிறைவேற்றுகிறாரோ?

சோதித்துப் பார்க்க, குட்டிதான் வேண்டும் என்றேன்.

"குட்டி வேணாம். மேலூர்ல ஒருத்தரு வெளிநாடு போறாராம். நல்ல நாட்டு நாய் வச்சிருக்காரு. ஆறு வயசு. அதப் பாப்போம்."

ஆறு வயது நாய்க்கு மீதி எத்தனை வருஷம் என்று கணக்கு டீச்சருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதன் மிச்சத்துக்கும் என் மிச்சத்துக்கும் பொருத்தம் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

நான் முறுக்கிக்கொண்டு நிற்கவே, "சரி, பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். இடம் வாங்கினாலும் பெண் பார்த்தாலும் எங்கள் வீட்டில் அம்மன் கோயிலில் அப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் வைப்போம். பூசாரி ஒன்றை எடுத்துத் தருவார். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது.

பொட்டலங்களை அவரே கட்டினார். வெள்ளை வந்தது. அவர் குங்குமம் வாங்கத் திரும்பிய நேரத்தில் மற்றப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

சாமியைக் கேட்காமல் செருப்புகூட வாங்காதவர் சாமியையே ஏமாற்றுகிறார் என்றால் விஷயம் பெரிது. நோய் திரும்பிவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் டாக்டரிடம் போனேன். "எங்கிட்ட மறைக்காதீங்க டாக்டர்" என்றேன். அவர் ஸ்கேனைத் திரையில் போட்டு, கழுத்து, நெஞ்சு, வயிறு என்று இடம் இடமாகக் காட்டினார். எங்கும் ஒன்றும் இல்லை.

"உங்க வீட்டுக்காரரும் வந்துட்டுப் போனாரே டீச்சர்."

"எதுக்கு?"

"நாய் வளக்கலாமான்னு கேக்க. உங்களுக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் முழுசா வரல. குட்டின்னாக் கடிச்சு வெளையாடும், பிறாண்டும். தடுப்பூசி போட்ட வளந்த நாயாப் பாருங்கன்னு நாந்தான் சொன்னேன்."

பாதிச் சந்தேகம் போனது. மீதியோடு வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன். "ரெண்டுலயும் எதுக்கு வெள்ளப் பூ கட்டுனீங்க?"

அவர் என் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "மொத கீமோவுக்கு முந்தி, நீ பொழைப்பியான்னு பூக்கட்டிப் பாத்தேன். செவப்பு வந்துச்சு. யார்ட்டயும் சொல்லல. இன்னொரு தடவ அதப் பாக்க என்னால முடியாது. அம்புட்டுத்தான்."

அந்தச் சிவப்பை மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் எனக்குக் கஞ்சி ஊட்டியிருக்கிறார். நான் வாந்தி எடுக்கும்போதெல்லாம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. இதையும் மறைத்தாரே என்று ஆத்திரமும் வந்தது. அழுதுகொண்டே திட்டினேன்.

அடுத்த ஞாயிறு மேலூருக்குப் போனோம். செவலை நிறப் பெட்டை நாய். என் கையை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கி நின்று, ஏற இறங்கப் பார்த்தது. "கொஞ்சம் சந்தேகப் புத்திதான்க்கா இதுக்கு. லேசுல யாரையும் நம்பாது" என்றார் நாய்க்காரர். எனக்கு அப்போதே பிடித்துப்போனது. என் கணவர் காருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

என் உடம்பை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. ஓர் இருமல் கூடுதலாக வந்தாலும் காதைத் தீட்டிக்கொள்கிறேன். நோய்க்குப் பிறகு, அடுத்த ஸ்கேனுக்கு அப்பால் எதையும் யோசிப்பதில்லை. தள்ளுபடியில் இரண்டு புடவை கிடைத்தாலும் ஒன்றுதான் எடுப்பேன்.

நாய்க்காரர் கயிற்றைக் கையிலேயே வைத்திருந்தார். "இன்னும் ஏழெட்டு வருசம் இருக்கும்க்கா. கடைசிக் காலத்துல கண்ணு மங்கும், எந்திரிக்க முடியாது. அப்ப தூக்கித் தெருவுல விட்றக் கூடாது. யாரு பாப்பீக?"

"நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான், எத்தனை வருஷத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று உறைத்தது.